நெஞ்சு படபடப்பும் அய்யா மேல் உள்ள நம்பிக்கையும்

அய்யா உண்டு.

ஞாயிற்றுக்கிழமை உச்சிப்படிப்பு முடிந்து, இனிமம் வாங்கி எல்லாரும் கலைந்த பிறகும் சிலர் போகாமல் தயங்கி நிற்பார்கள். பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும் பணிவிடைக்காரர்களில் யாராவது ஒருவரை ஒதுக்கமாகக் கூப்பிடுவார்கள். கடந்த இரண்டு மூன்று வருடமாக அவர்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே விஷயம்தான்.

"அண்ணாச்சி, ராத்திரி ரெண்டு மணிக்குத் திடீர்னு முழிப்பு வருது. நெஞ்சு கிடந்து அடிக்குது. மூச்சு முட்டுது. கை விரல் எல்லாம் மரத்துப் போவுது. இன்னைக்கு நம்ம கதை முடிஞ்சிதுன்னு தோணுது. அரை மணி நேரத்துல தானா போயிருது. ஆஸ்பத்திரிக்குப் போயி இ.சி.ஜி. எடுத்தா ஒண்ணுமில்லைங்காவ. இது என்ன?"

இதைக் கேட்பவர்கள் கோழைகள் இல்லை. ஊரை விட்டு வந்து, தெரியாத இடத்தில் கடை போட்டு, பிள்ளைகளைப் படிக்க வைத்து ஆளாக்கியவர்கள். அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகும் பெண் பிள்ளைகளும், பன்னிரண்டாம் வகுப்புப் பையன்களும், பென்ஷன் வாங்கும் பெரியவர்களும் கேட்டிருக்கிறார்கள். எங்களிடம் வருவதற்கு முன்பே வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் இரண்டு பதில் அவர்களுக்குக் கிடைத்திருக்கும். ஒன்று, "இது காத்து கருப்பு, யாரோ செய்வினை வச்சிருக்கான்." இன்னொன்று, "அய்யா மேல உண்மையான நம்பிக்கை இருந்தா இந்தப் பயம் வருமா?" இரண்டாவது பதில்தான் ஆளை அதிகமாக நோகடிக்கிறது. நோயோடு சேர்த்துக் குற்றத்தையும் அவர் தலையில் வைத்து விடுகிறது. இந்த இரண்டு பதிலும் சரியல்ல என்பதைச் சொல்லத்தான் இந்த உரை.

முதலில் உடம்பில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஊரில் தோட்டத்து வரப்பில் நடக்கிறோம். காலுக்குக் குறுக்கே நல்ல பாம்பு போகிறது. யோசிப்பதற்கு முன்பே உடம்பு துள்ளிக் குதித்து விடும். சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி தன் சரக்கை ரத்தத்தில் கொட்டுகிறது. நெஞ்சு வேகமாக அடிக்கிறது, ஓடுவதற்குக் காலுக்கு ரத்தம் வேண்டும் அல்லவா? மூச்சு வேகமாகிறது. வேர்க்கிறது. வயிறு கலங்குகிறது. இவ்வளவும் நம்மைக் காப்பாற்றுவதற்காகப் படைத்தவன் வைத்த ஏற்பாடு. பாம்பு போன பிறகு கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கி விடும்.

சில பேருக்குப் பாம்பே இல்லாமல் இந்த மணி அடித்து விடுகிறது. தூக்கத்திலும் அடிக்கும், ரயில் கூட்டத்திலும் அடிக்கும், கடையில் கல்லாவில் உட்கார்ந்திருக்கும்போதும் அடிக்கும். எதிரே பாம்பு தெரியாததால், மனது அதைத் தன் உடம்புக்குள்ளேயே தேடுகிறது. "நெஞ்சு இப்படி அடிக்குதே, இது ஹார்ட் அட்டாக்தான்" என்று முடிவு கட்டுகிறது. அந்த நினைப்பே அடுத்த பாம்பாகி விடுகிறது. அட்ரினல் இன்னும் கொட்டுகிறது. மூச்சை வேகமாக இழுத்து இழுத்து விடும்போது ரத்தத்தில் இருக்க வேண்டிய கரியமில வாயு அளவுக்கு மேல் குறைந்து விடும். விரல் மரத்துப் போவதும், உதட்டைச் சுற்றிக் குறுகுறுப்பதும், தலை சுற்றுவதும் பெரும்பாலும் இதனால்தான். டாக்டர்கள் இதைப் பேனிக் அட்டாக் என்கிறார்கள். பொதுவாகப் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு இறங்கத் தொடங்கும். உடம்பால் அந்த வேகத்தை ரொம்ப நேரம் தாங்கி நிற்க முடியாது. அதனால் தானாகவே அடங்கும்.

இது புது நாகரிக நோய் என்று சிலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தபோது சிப்பாய்களுக்கு இப்படி நெஞ்சு படபடத்து, மூச்சு வாங்கி, வலி வந்தது. டா கோஸ்டா என்ற மருத்துவர் அவர்களைச் சோதித்து, இருதயத்தில் கோளாறு ஒன்றும் தெரியவில்லை என்று 1871-இல் எழுதி வைத்தார். துப்பாக்கி பிடித்து நின்ற ஆட்களுக்கே வந்திருக்கிறது. நம் நாட்டிலும் ஒரு செய்தி உண்டு. 1896-இல் மதுரையில் சித்தப்பா வீட்டு மாடியில் உட்கார்ந்திருந்த 16 வயதுப் பையன் வேங்கடராமனுக்கு, உடம்பில் ஒரு நோயும் இல்லாதபோதே, 'சாகப் போகிறோம்' என்ற பயம் திடீரென்று வந்தது. பின்னாளில் ரமண மகரிஷி என்று உலகம் அறிந்தவர் அவர்தான். அவர் டாக்டரிடமும் ஓடவில்லை, பெரியவர்களிடமும் ஓடவில்லை. செத்தவனைப் போல விறைத்துப் படுத்து, சாவது எது என்று உள்ளே பார்த்தார் என்று சொல்வார்கள். அவருக்கு வந்ததும் நமக்கு வருவதும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. அது ஞானிகள் விஷயம். ஆனாலும் காரணமே தெரியாமல் மரண பயம் ஒரு மனிதனைப் பிடிக்கும் என்பதும், பிடித்ததால் அவன் தாழ்ந்தவன் ஆகி விட மாட்டான் என்பதும் அதிலிருந்து தெரிகிறது.

சரி, இப்போது பேய் விஷயத்துக்கு வருவோம்.

அகிலத்திரட்டு வாசிப்புக்கு வருகிறவர்கள் எல்லாரும் பேய்களை எரித்த பகுதியைக் கேட்டிருப்பீர்கள். அய்யா பேய்களையெல்லாம் வரவழைத்து, அவற்றின் கொட்டத்தை அடக்கி, எரித்து விட்டார் என்று அகிலம் சொல்கிறது. மந்திரவாதிகளின் வித்தைகளையும் செல்லாமல் ஆக்கினார். ஆடு கோழி வெட்டாதே, குறி கேட்காதே, மந்திரவாதி பின்னால் போகாதே என்பது நமக்கு விதிக்கப்பட்டது. இதை ஞாயிற்றுக்கிழமை கேட்டுத் தலையாட்டி விட்டு, திங்கட்கிழமை மகளுக்குக் கை கால் நடுங்கினதும் எலுமிச்சம்பழத்தோடு மந்திரவாதியைத் தேடி ஓடினால் என்ன அர்த்தம்? எரிந்து போனதை நாமே வெற்றிலை பாக்கு வைத்துத் திரும்பக் கூப்பிடுகிறோம் என்றுதான் அர்த்தம்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இப்படித்தான் போனது. பெண் பன்னிரண்டாம் வகுப்பு. பரீட்சைக்கு இரண்டு மாதம் முன்னால் வகுப்பறையில் திடீரென்று மூச்சு முட்டி விழுந்தாள். அப்புறம் வீட்டிலும் வந்தது. தாயத்து கட்டினார்கள், முட்டை மந்திரித்தார்கள், முச்சந்தியில் பூசணிக்காய் உடைத்தார்கள். முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல் போனது. பணம் போனது பெரிதில்லை. "உனக்குள்ள ஒருத்தி இருக்கா" என்று அந்த மந்திரவாதி அந்தப் பிள்ளையின் முகத்துக்கு நேரே சொன்னான். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை தனியாகக் குளியலறைக்குப் போகவே பயந்தது. இருந்த பயம் ஒன்று, அவன் சேர்த்துக் கொடுத்த பயம் ஒன்பது. கடைசியில் அரசு மருத்துவமனையில் ஒரு பெண் ஆலோசகர் நாலைந்து முறை உட்கார வைத்துப் பேசினார். மார்க் குறைந்தால் அப்பா அடிப்பார் என்று ஒரு வருடமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. உள்ளே இருந்தது அவ்வளவுதான். அந்தப் பிள்ளை இப்போது நர்சிங் படிக்கிறாள்.

பேய் இல்லை என்று ஒப்புக்கொள்கிறவர்களும் நம்பிக்கை விஷயத்தில் தடுமாறுகிறார்கள். "நான் தினமும் நாமம் இடுகிறேன், பதம் குடிக்கிறேன், மாசி 20-க்கு மணலி புதுநகர் பதிக்கோ சாமிதோப்புக்கோ போகாமல் இருந்ததில்லை. எனக்கேன் இது வரணும்?" என்று ஒரு அக்கா அழுதார். அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்.

கொல்லம் ஆண்டு 1008 மாசி மாதம். ஆங்கிலக் கணக்கில் 1833. உடம்பு முடியாமல் கிடந்த மகனைத் தூக்கிக்கொண்டு வெயிலாள் அம்மை திருச்செந்தூருக்குப் போகிறார். அங்கே கரையில் அத்தனை பேர் பார்க்க மகன் கடலுக்குள் போய் விடுகிறார். ஒரு நாள் போகிறது, இரண்டு நாள் போகிறது. அலையைப் பார்த்துக்கொண்டே தாய் நிற்கிறார். கூட வந்தவர்கள் என்னென்ன சொல்லியிருப்பார்கள்? "இனி வரமாட்டான், வா போகலாம்" என்றுதான் சொல்லியிருப்பார்கள். அந்தத் தாயின் நெஞ்சு எப்படி அடித்திருக்கும்! சோறு இறங்கியிருக்குமா, கண் மூடியிருக்குமா? மூன்றாம் நாள் வைகுண்டராக அய்யா கடலிலிருந்து எழுந்து வந்தார். அந்த மூன்று நாளும் வெயிலாள் அம்மை பதறியதை நம்பிக்கைக் குறைவு என்று நம்மில் யாராவது சொல்வோமா? சொன்னால் வாய் வேகும். பதறினார், பதறிக்கொண்டே கரையில் நின்றார். பயம் இருப்பவருக்கு நம்பிக்கை இருக்காது என்று யார் சொன்னது? இரண்டும் ஒரே நெஞ்சில் ஒரே நேரத்தில் இருக்கும்.

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். அய்யா வந்த காலத்தில் நம் முன்னோர் எப்படி இருந்தார்கள்? தலைக்கு வரி, தாலிக்கு வரி, பனை ஏறும் ஏணிக்கு வரி. கூலியில்லாத ஊழியம். இன்ன சாதிக்காரர் வந்தால் இத்தனை அடி விலகி நில், தோளில் துண்டு போடாதே, தலையில் பாகை கட்டாதே, பெண்கள் மேலாடை அணியாதே. திருவிதாங்கூரில் தெருவில் நடக்கும் ஒவ்வொரு அடியும் பயம்தான். பயம் என்பது அவர்கள் உடம்பிலேயே ஊறிப் போயிருந்தது. அய்யா அவர்களைப் பார்த்து, "நீங்கள் பயப்படுகிறீர்கள், உங்களுக்கு நம்பிக்கை இல்லை" என்று விரட்டி விடவில்லை. பக்கத்தில் கூப்பிட்டு, தலையில் பாகை கட்டி நிற்க வைத்தார். ஒரே கிணற்றில் குளிக்க வைத்தார். ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வைத்தார். துவையல் தவசுக்கு எழுநூறு குடும்பங்களைக் கடற்கரைக்கு அனுப்பி, துவைப்பது, குளிப்பது, ஒரு நேரம் உண்பது, படிப்பது என்று நாள் முழுவதுக்கும் ஒரு முறையைக் கொடுத்தார். பயந்து கிடந்தவர்களுக்கு அய்யா முதலில் கொடுத்தது கூட்டமும், முறையும், நிமிர்ந்து நிற்பதும்தான். பழிச்சொல்லை அவர் கொடுக்கவில்லை. தாங்கலுக்குள் நுழையும்போது ஆண்கள் இன்றும் தலைப்பாகை கட்டுகிறோமே, அதை வெறும் சடங்காக நினைத்துக் கட்டக் கூடாது.

2004 டிசம்பர் 26 சுனாமி நம் மக்களில் பலருக்கு மறக்காது. மணக்குடிப் பாலமே அடித்துக்கொண்டு போனது. அந்தப் பாலத்துக்கும் சாமிதோப்புக்கும் எத்தனை தூரம்? அதற்கப்புறம் பல மாதம் அலைச் சத்தம் கேட்டாலே பதறி எழுந்தவர்களை ஊருக்குப் போனபோது பார்த்திருக்கிறேன். கடல் நமக்குப் பகை இல்லை, அய்யா பிறந்த இடம். இருந்தும் பயம் வந்தது. உடம்பு கண்ட கொடுமையை உடம்பு அவ்வளவு எளிதில் மறக்காது. இங்கே ஆவடி, திருநின்றவூர்ப் பக்கம் வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தவர்களுக்கு இப்போதும் ஐப்பசியில் ராத்திரி மழை சத்தம் கேட்டால் தூக்கம் போய் விடுகிறது.

நம்மில் பலருக்கு நோய் வளர்வது எப்படி என்று ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒருவருக்கு முதல் முறை வந்தது காலை யூனிட்டில், திருநின்றவூருக்கும் ஆவடிக்கும் நடுவில், நிற்க இடமில்லாத கூட்டத்தில். மறுநாள் அவர் ரயிலில் ஏறவில்லை. பஸ்ஸில் போனார். ஒரு வாரத்தில் பஸ்ஸிலும் வந்தது. பஸ்ஸையும் விட்டார். பிறகு ஸ்டேஷன் கேட்டைத் தாண்டிக் கடைத்தெருவுக்கு வருவதை விட்டார். கல்யாண வீட்டில் வாசல் ஓரமாகவே உட்கார்ந்தார். கடைசியில் மனைவி பக்கத்தில் இல்லாமல் வீட்டிலேயே இருக்க முடியவில்லை. முதல் நாள் வந்தது அரை மணி நேரத் தொல்லை. அதற்குப் பயந்து பயந்து அவர் விட்டுக்கொடுத்ததோ ஒரு வருட வாழ்க்கை. பயத்துக்குப் பயப்படுவதுதான் இதில் பெரிய நோய்.

ஆஸ்திரேலியாவில் கிளேர் வீக்ஸ் என்று ஒரு பெண் மருத்துவர் இருந்தார். அவரே இளம் வயதில் இந்தப் படபடப்பால் துன்பப்பட்டவர். 1962-இல் இதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அவர் சொன்னதன் சாரம் இவ்வளவுதான்: பயத்தை எதிர்கொள், வந்ததை ஏற்றுக்கொள், அதோடு மல்லுக்கட்டாமல் தண்ணீரில் மிதப்பது போல விட்டு விடு, காலம் போகட்டும் என்று பொறு. கடற்கரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அலை மேலே வரும்போது அதை எதிர்த்துக் கையைக் காலை அடிக்கிறவன்தான் தண்ணீர் குடிப்பான்.

வரும்போது என்ன செய்வது? ஓடாதீர்கள். இருக்கிற இடத்தில் உட்காருங்கள், இல்லை என்றால் சுவரில் சாய்ந்து நில்லுங்கள். பாதம் இரண்டும் தரையில் பதியட்டும். "இது முன்னாடியும் வந்துச்சு, போச்சு. இப்பவும் போகும்" என்று சொல்லிக்கொள்ளுங்கள். மூச்சை ஆழமாக இழுக்கப் போராட வேண்டாம், அதுதான் பலரும் செய்வது, அதில் தலைச்சுற்றல் கூடும். மூக்கால் மெதுவாக இழுத்து, விளக்கு அணையாத அளவுக்கு வாயால் நீளமாக விடுங்கள். இழுப்பதை விட விடுவது நீளமாக இருக்க வேண்டும். நமக்கு இது புதிது இல்லை. உகப்படிப்பை உரக்கப் படித்துப் பாருங்கள். ஒவ்வொரு அடிக்கும் மூச்சு நீளமாக வெளியே போகும், இடையில் சின்னதாக உள்ளே வரும். டாக்டர் சொல்லிக் கொடுக்கும் மூச்சுப் பயிற்சியும் நம் படிப்பும் அந்த வகையில் ஒன்றாகவே இருக்கின்றன. அய்யாவின் நாமத்தை மெதுவாக, வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரு விஷயம் மட்டும்: "இந்தப் படபடப்பு உடனே நிற்கணும்" என்று அய்யாவிடம் கடிகாரம் பார்த்துக்கொண்டு கேட்காதீர்கள். "வந்தது வரட்டும், நீர் கூட இரும்" என்று கேளுங்கள். அடங்கின பிறகு விட்ட வேலையை அப்படியே தொடருங்கள். மறுநாள் அதே ரயிலில் ஏறுங்கள்.

பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் நாடி பிடித்துப் பார்ப்பது, பிரஷர் மெஷினை வாங்கி மடியில் வைத்துக்கொள்வது, போனில் நோய்களைத் தேடித் தேடிப் படிப்பது, இவற்றை நிறுத்தினாலே பாதிப் பயம் குறையும். கடைக்கார அண்ணாச்சிமார் டீயைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். ராத்திரி பதினொன்றுக்குக் கடை சாத்தி, இரண்டு மணிக்குக் கோயம்பேட்டுக்கு வண்டி எடுத்து, நாளைக்கு எட்டு டீ குடித்து, தவணைக்காரன் போன் வரும்போதெல்லாம் நெஞ்சு அடித்தால் அது நெஞ்சின் குற்றம் இல்லை. படபடப்பை அடக்க டாஸ்மாக்குக்குப் போகிறவர்களும் உண்டு. குடித்த ராத்திரி அடங்கியது போலத் தெரியும், மறுநாள் விடியும்போது இரட்டிப்பாக வரும். மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை வாங்கிப் போடுவதும் அதே கதைதான், பழகி விட்டால் விடுவது கஷ்டம்.

முக்கியமான ஒன்று. முதல் தடவை நெஞ்சு வலி வரும்போது அது பயமா, இருதயமா என்று வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். அதிலும் வயது நாற்பது தாண்டியவர்கள், சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள், பீடி சிகரெட் பழக்கம் உள்ளவர்கள் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். இ.சி.ஜி. எடுத்து, ரத்தம் எவ்வளவு இருக்கிறது, தைராய்டு எப்படி, சர்க்கரை எப்படி என்று ஒரு முறை பார்த்து விட வேண்டும். தைராய்டு கூடினாலும் ரத்தம் குறைந்தாலும் இதே படபடப்பு வரும். அதெல்லாம் இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் நான் மேலே சொன்னவை.

டாக்டர் "ஒன்றுமில்லை" என்றால் இருதயத்தில் ஒன்றுமில்லை என்று பொருள். நீங்கள் நடிக்கிறீர்கள் என்று பொருள் இல்லை. அடிக்கடி வந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். இங்கே உடனே ஒரு முகச் சுளிப்பு வரும். "நான் என்ன கீழ்ப்பாக்கம் கேஸா?" என்பார்கள். கீழ்ப்பாக்கம் மருத்துவமனை 1794-இல் சென்னையில் ஆரம்பித்து, 1871-இல் இப்போது இருக்கும் இடத்துக்கு வந்தது. இருநூறு வருடத்துக்கு மேல் எத்தனையோ பேரைக் குணப்படுத்தி வீட்டுக்கு அனுப்பிய இடத்தை நாம் வசைச் சொல்லாக்கி வைத்திருக்கிறோம். அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். திருவள்ளூரில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரியே வந்து விட்டது. நமக்கு மூன்றாவது ஸ்டேஷன்தான். டாக்டர் மாத்திரை கொடுத்தால் அது வேலை செய்யச் சில வாரம் ஆகும். நாலு நாளில் "ஒண்ணும் கேட்கலை" என்று நிறுத்தக் கூடாது. நல்லாகி விட்டது என்று நாமாக நிறுத்தவும் கூடாது, அவர் சொல்லித்தான் குறைக்க வேண்டும். மாத்திரை இல்லாமல், பயந்த இடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போகப் பழக்கும் பேச்சு சிகிச்சையும் உண்டு. அதுவும் நல்ல பலன் தரும்.

"அய்யா மண்ணும் தண்ணியும் கொடுத்தே நோய் தீர்த்தாரே, மாத்திரை எதுக்கு?" என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறீர்கள். கண் புரைக்கு ஆபரேஷன் செய்கிறீர்கள். பல் வலித்தால் பல் டாக்டரிடம் போகிறீர்கள். அப்போதெல்லாம் அய்யாவுக்குக் கோபம் வரவில்லை, மனதுக்கு மருந்து என்றால் மட்டும் வருமா? பதத்தை வாங்கிக் குடியுங்கள், நாமம் இட்டுக்கொள்ளுங்கள், மாத்திரையையும் போடுங்கள்.

வழிபாட்டு இடங்களை நடத்துகிறவர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். தெய்வ சந்நிதியில் குணமாகும் என்று நம்பிக் குடும்பத்தார் கொண்டுவந்து விட்டவர்கள் அவர்கள். எந்த மதத்தையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. பிள்ளையைத் தெய்வத்திடம் விடுவதும், மருத்துவமே காட்டாமல் கட்டிப் போடுவதும் ஒன்றாகி விடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்து விட்டது. திருச்சி பக்கம் குணசீலத்தில் கோயிலை ஒட்டியே மனநல மறுவாழ்வு மையம் இருக்கிறது. நம் பதிகளிலும் தாங்கல்களிலும் தங்கிக் குணமாக வருகிறவர்களை, தங்கட்டும், படிப்பில் கலந்துகொள்ளட்டும், கூடவே டாக்டரிடமும் அழைத்துப் போவோம் என்று வைத்துக்கொள்வதே நல்லது.

பக்கத்தில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது கொஞ்சம்தான். வந்தவரைச் சுற்றிக் கூட்டம் போடாதீர்கள். "ஒண்ணுமில்ல, பயப்படாத" என்று அதட்டாதீர்கள், அவருக்கு அது உயிர் போகும் நேரம். "நான் இங்கனதான் இருக்கேன் மக்கா, கொஞ்ச நேரத்துல சரியாயிரும், மெதுவா மூச்சை விடு" என்று சொல்லிக் கூட உட்காருங்கள். அப்புறம் அதை நாலு பேரிடம் சொல்லிச் சிரிக்காதீர்கள். பெண்ணுக்கு வந்தால் "கல்யாணம் பண்ணினா சரியாயிரும்" என்பதையும் நிறுத்துவோம். மருமகளுக்கு வந்தால் "வேலை செய்யாம இருக்க நடிக்கா" என்பதையும் நிறுத்துவோம்.

ஊரில் என்றால் சாயங்காலம் நடையில் உட்கார்ந்து பேச ஆள் இருக்கும். அக்கா மதினி, சித்தி, பக்கத்து வீட்டுப் பாட்டி என்று யாராவது முகத்தைப் பார்த்தே, "ஏன்டி, என்ன செய்யுது?" என்று கேட்டு விடுவார்கள். இங்கே புது நகர்களில் வீட்டுக்கு வீடு காம்பவுண்டு, கதவு சாத்தினால் சாத்தியதுதான். அய்யா அன்று கூட்டிச் சேர்த்தது போல நம்மைச் சேர்த்து வைக்க இங்கே இருப்பது இந்தத் தாங்கல் ஒன்றுதான். படிப்பு முடிந்ததும் ஓடாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசி விட்டுப் போனால் என்ன?

ராத்திரி நேரத்தில் யாரும் இல்லை என்று தோன்றினால் 14416 என்ற எண்ணுக்கு இலவசமாகப் பேசலாம். 2022 அக்டோபரில் அரசு தொடங்கியது. எந்த நேரமும் தமிழில் பேசுவார்கள். 104-உம் இருக்கிறது. உயிரை விட்டு விடலாம் என்ற நினைப்பு வந்தவர்கள் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், அப்போதே பேசுங்கள், வீட்டில் ஒருவரையாவது எழுப்புங்கள்.

ரயில் ஏறப் பயந்து தாங்கலுக்கு வராமல் இருக்கும் அன்பர்களுக்கு ஒரு சேதி. சொல்லி அனுப்பினால் பணிவிடைக்காரர்களில் ஒருவர் கூட வருவார். முதல் வாரம் வேப்பம்பட்டு பிளாட்பாரத்தில் சும்மா உட்கார்ந்து நாலு வண்டி போவதைப் பார்ப்போம். அடுத்த வாரம் கூட்டம் இல்லாத மத்தியான வண்டியில் ஏறி செவ்வாப்பேட்டையில் இறங்கி, அங்கே ஒரு டீ குடித்து விட்டு, அடுத்த வண்டியில் திரும்பி விடுவோம். நடுவில் படபடப்பு வந்தால் வரட்டும், அதையும் கூட்டிக்கொண்டே போவோம். டிக்கெட் ஐந்து ரூபாய்.

அய்யா உண்டு.